வண்டி நிற்கும் இடம்

அலபாமா
மே 11, 1998

அன்புள்ள கார்லிஸ்,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, சனிக்கிழமை போட்டிருந்த நீல உடுப்பை வினிகர் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டேன். கெளுத்தி மீன் பொரித்த எண்ணெய் வாடை அதைவிட்டுப் போவேனா என்கிறது. கையைத் துடைத்துக்கொண்டு உனக்கு போன் செய்தேன். எடுத்தாய். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப இன்னும் நேரமிருக்கிறது. கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட முடியாதென்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். கிழித்துப் போடலாம்தான். ஆனால் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய், உன்னை எனக்குத் தெரியும்.

லூட்டிதான் சொல்லியிருக்கிறாள். நாங்கள் மேஜைகளை மடித்து முடிப்பதற்குள் டெட்ராய்ட்டுக்கு போன் போட்டிருக்கிறாள். நம் சித்தி மகள் வாயில் எது தங்கியது? அவள் எப்படிச் சொன்னாளோ. நடந்ததை நான் சொல்கிறேன்.

போன வருடம் போலவே அன்னையர் தினத்துக்கு முந்தின சனிக்கிழமை சர்ச்சில் மருத்துவ முகாம். இரத்த அழுத்தம் பார்க்கும் மேஜையில் கூட்டம், சர்க்கரை பார்க்கும் மேஜையில் கூட்டம், இலவசமாக டூத்பிரஷ் கொடுக்கும் மேஜையில் சண்டையே நடந்தது. மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை வண்டிப் பக்கம் மட்டும் ஒருத்தியும் போகவில்லை. அவ்வளவு பெரிய வெள்ளை வண்டி. சர்ச்சின் முன்வாசலில், படிகள் ரோட்டைப் பார்த்து இருக்கும்படி நான்தான் நிறுத்தச் சொன்னேன். ஏன் என்று உனக்குத் தெரியும். நம் சின்ன வயசில் டவுன் கிளினிக்கில் அம்மா நிலக்கரிக் குவியலைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். முன்வாசல் வெள்ளைக்காரர்களுக்கு. நம் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு, தலையைக் குனியாமல், அவள் அந்தக் கரித்தூளில் நடந்த நடை எனக்கு மறக்காது. பாஸ்டர் கிரேடி பிரசங்கத்திலேயே சொன்னார்: "நம்ம பொம்பளைங்க இனிமே எந்தப் பின்வாசலுக்கும் சுத்திப் போகமாட்டாங்க!" சர்ச் முழுக்க எழுந்து கைதட்டியது.

கைதட்டியவர்கள் எல்லாம் மீன் தட்டோடு மர நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். "எங்கம்மா தொண்ணூறு வரைக்கும் கல்லு மாதிரி இருந்தா, எனக்கெதுக்கு?" என்றாள் ட்ரியோலா. "ரெண்டு தட்டுக்கு நடுவுல வெச்சு நசுக்குவாங்களாமே. ஆம்பளைங்களுக்கு எதையாவது அப்படி நசுக்கறாங்களான்னு கேட்டுட்டு வா, அப்புறம் நான் வர்றேன்" என்றாள் லூட்டி. சர்ச்சில் மூத்தவரான பீவி அம்மா வெள்ளைக் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, "அந்த நோய் பேரைச் சொன்னாலே வந்து ஒட்டிக்கும் கண்ணு" என்றார். வண்டி டிரைவர் செய்தித்தாளை இரண்டாம் தடவை படித்துக்கொண்டிருந்தார். நர்ஸ் வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனாள்.

அப்போதுதான் மைக்கை எடுத்தேன். "என் தங்கச்சி கார்லிஸ், இங்க பாடி வளர்ந்தவ, உங்க எல்லாருக்கும் தெரிஞ்சவ. அவளுக்கு மார்புல புற்றுநோய். அவ்வளவு பெரிய ஊர்ல அவளை நேரத்துக்குப் பார்க்க ஒரு டாக்டர் இல்ல. தைரியமா நின்னு சண்டை போட்டுட்டிருக்கா. உங்களுக்கு வாசல்லயே வண்டி வந்து நிக்குது. எந்திரிங்க!" என்றேன்.

எழுந்தார்கள் கார்லிஸ். தட்டுகளை வைத்துவிட்டு எழுந்தார்கள். வரிசை ரோடு வரைக்கும் போனது.

'இது நம்ம ரெண்டு பேருக்குள்ள' என்று பிப்ரவரியில் நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க மாட்டேன். ஆனால் அந்த வரிசையையும் நீ பார்த்திருக்க வேண்டும்.

இந்த மாதக் கடைசியில் கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடுகிறார்கள். ஜூனில் அங்கே வருகிறேன். சமைக்கிறேன், துணி துவைக்கிறேன், ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிறேன். சரி என்று ஒரு வார்த்தை எழுது.

உன் அக்கா,
ஆர்னெட்டா


டெட்ராய்ட்
மே 20, 1998

ஆர்னெட்டா அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன், கோபம் குறைகிறதா என்று பார்க்க. குறையவில்லை.

போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. பத்து வருடமாக என்னிடம் பேசாதவர்கள் எல்லாம் என் மார்பைப் பற்றி விசாரிக்கிறார்கள். கூப்பிய கைகள் போட்ட கார்டு தினம் வருகிறது. பீவி அம்மா ஜெபித்து எண்ணெய் தடவிய கைக்குட்டை ஒன்றை அனுப்பியிருக்கிறார், நெஞ்சில் வைத்துத் தூங்கவேண்டுமாம். ஞாயிறு காலை சர்ச்சில் ஜெபத்துக்காக வாசிக்கும் நோயாளிகள் பட்டியலில் என் பெயர் முதலில் வருகிறதாம். லூட்டி சொன்னாள், ஏதோ பரிசு விழுந்த மாதிரி.

இங்கே பஸ் டிப்போவில் என்ன சொல்லி வைத்திருக்கிறேன் தெரியுமா? முதுகுவலி. அதனால் பஸ் ஓட்டாமல் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். தலையில் விக். "புது ஸ்டைலா? எடுப்பா இருக்கே" என்கிறார்கள். "உன் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது" என்கிறேன். சிரிக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அதைக் கழற்றி விளக்குமேல் மாட்டுகிறேன்.

உனக்கு இது புரியுமா என்று தெரியவில்லை, எழுதிப் பார்க்கிறேன். ஆஸ்பத்திரியில் நான் நோயாளி. கண்ணாடியில் நோயாளி. எனக்கு நோய் இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. நம் ஊர். ஆகஸ்ட்டில் சர்ச் கூடுகைக்கு வரலாமென்று இருந்தேன். மஞ்சள் உடுப்பு தைக்கக் கொடுத்திருந்தேன், நெஞ்சுப் பக்கம் மடிப்பு வைத்து. இரண்டு பாட்டுப் பாடிவிட்டு, கேக் சாப்பிட்டுவிட்டு, பழைய கார்லிஸாகவே திரும்பி வந்துவிடலாமென்று. இனி அங்கே வந்து இறங்கினால் எல்லாரும் முதலில் என் நெஞ்சைப் பார்ப்பார்கள். அப்புறம்தான் முகத்தை.

மைக்கைப் பிடித்து அந்த இடத்தையும் நீ என்னிடமிருந்து எடுத்துவிட்டாய்.

வராதே.

கார்லிஸ்


அலபாமா
ஜூன் 8, 1998

அன்புள்ள கார்லிஸ்,

வராதே என்றாய், வரவில்லை. பஸ் டிக்கெட் வாங்கியிருந்தேன், திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். இதைக் கேட்டால் நீ சந்தோஷப்படுவாய் என்று ஒரு நாளும், இன்னும் கோபப்படுவாய் என்று ஒரு நாளும் நினைத்துக்கொண்டு பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். அன்றைக்கு வண்டிக்குள் போனவர்களில் ஒருத்திக்கு எக்ஸ்ரே படத்தில் ஏதோ இருந்தது. பர்மிங்ஹாமில் மறுபடி பார்த்தார்கள். அதுதான். ஆனால் பட்டாணி அளவு. எடுத்துவிட்டார்கள். இனி பயமில்லை என்கிறார்கள். ட்ரியோலாவுக்கு.

வீட்டுக்கு வந்து என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். "கார்லிஸ் பேரை நீ சொல்லலேன்னா நான் எந்திரிச்சிருக்கவே மாட்டேன் ஆர்னெட்டா. அவகிட்ட எப்படிச் சொல்றது?" என்றாள். நானே எழுதுகிறேன் என்றேன்.

அம்மாவைப் பற்றி நாம் பேசியதே இல்லை. அவள் போனபோது உனக்குப் பதினைந்து வயது. உன்னை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடைசியில் அவளைக் குளிப்பாட்டியது நான். அவள் நெஞ்சில் இருந்ததை நான் பார்த்தேன். துணியை மாற்றி மாற்றிக் கட்டி, அந்த வாடை தெரியாமலிருக்க மேலே லாவெண்டர் பவுடர் போட்டு, அப்படியே சர்ச்சுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறாள். அப்பா எல்லாரிடமும் "வயித்துல ஏதோ" என்றார். கல்லறைப் பக்கத்தில் நின்றுகொண்டு பாஸ்டர்கூட "ஒரு சிறு சுகவீனம்" என்றார். அந்த வார்த்தையை யாருமே சொல்லவில்லை. நான் காலேஜில் உயிரியல் படித்துவிட்டு வந்துதான் அதற்குப் பெயர் வைத்தேன், மனதுக்குள்.

மைக்கைக் கையில் எடுத்தபோது நான் உன்னைப் பற்றிப் பேசுவதாக நினைக்கவில்லை. அம்மாவுக்காகக் கத்தினேன். உன் பெயர் வெளியே வந்தது.

ட்ரியோலா உயிரோடு இருக்கிறாள். அதைச் செய்யாமல் இருந்திருக்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை கார்லிஸ். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபத்தோடாவது பதில் சொல். உனக்கு எப்போது தெரிந்தது? நீ ஏன் அவ்வளவு நாள் பொறுத்திருந்தாய்? அங்கே பார்க்க ஆளே இல்லையா?

ஆர்னெட்டா


டெட்ராய்ட்
ஜூன் 27, 1998

அக்கா,

ட்ரியோலாவா!

கடவுள் நகைச்சுவைக்காரர்தான். ஈஸ்டருக்கு ஈஸ்டர் என் தனிப்பாட்டை என்னிடமிருந்து பறித்தவள். உச்ச ஸ்வரத்தில் ஆட்டுக்குட்டி மாதிரி கத்துவாள், அதற்கும் 'ஆமென்' சொல்வார்கள். இனி போட்டிக்கும் ஆளில்லை, இன்னும் நாற்பது ஈஸ்டருக்குப் பாடட்டும். போய் அவளிடம் சொல், நான் சிரித்தேன் என்று. அப்புறம் கொஞ்சம் அழுததைச் சொல்லாதே. அவளுக்குப் பட்டாணியோடு போனதில் எனக்குச் சந்தோஷம்தான். எவ்வளவு யோசித்துப் பார்த்தாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அதுவும் எனக்கு எரிச்சல்.

அம்மாவைப் பற்றி எழுதியதைப் படித்தேன். அந்தப் பவுடர் வாசனை எனக்கு ஞாபகமிருக்கிறது. அம்மா வாசனை என்றால் அதுதான் என்று இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது உன் கேள்வி. ஏன் பொறுத்திருந்தாய் என்கிறாய். பார்க்க டாக்டர் இல்லை என்று மைக்கில் சொன்னாயாமே. இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள் அக்கா. எனக்குக் காட்ட பயம். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது போன வருடம், உன் முதல் முகாமுக்கு முன்னாலேயே. வண்டி வருகிறது என்று நீ எழுதியிருந்தாய். அதற்காகத்தான் ஊருக்கு வந்தேன். அன்னையர் தினம் என்பது சாக்கு. இங்கே தெரியாத ஆஸ்பத்திரியில் தனியாகக் கேட்பதைவிட, கேட்க வேண்டியதை உன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளலாம் என்று வந்தேன்.

வரிசையில் நின்றேன். படிக்கட்டு எட்டும் தூரத்தில். நீ சர்ச் வாசலில் மைக்கோடு நின்றுகொண்டிருந்தாய். என்னைப் பார்த்தாய். உன் முகம் மலர்ந்தது. "பாருங்க, டெட்ராய்ட்லேர்ந்து வந்த என் தங்கச்சியே லைன்ல நிக்கிறா! உங்களுக்கெல்லாம் என்ன வெட்கம்?" என்றாய்.

எல்லாத் தலையும் திரும்பியது. கைதட்டினார்கள். ரோட்டில் போன டிரக்குக்காரன்கூட ஹாரன் அடித்தான். பீவி அம்மா நேரே என்னிடம் வந்து கன்னத்தைப் பிடித்தார். "என்ன கண்ணு, ஏதாவது தட்டுப்பட்டுச்சா? நாளைக்கு லிஸ்ட்ல உன் பேரைச் சேர்த்துடவா?" ட்ரியோலா கழுத்தை நீட்டி, "நெசமாவே நிக்கிறியா, இல்ல அக்காவுக்காக ஷோ காட்டறியா?" என்றாள். நான் சிரித்தேன். "பஸ் ஓட்டறவளுக்கு வண்டியைக் கண்டா சும்மா இருக்க முடியுமா? படி ஒசரம் பாக்க வந்தேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அப்படியே விலகி மீன் வாங்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்து டிசம்பர் வரைக்கும் பஸ் ஓட்டினேன். கை தூக்க முடியாமல் போனபோதுதான் டாக்டரிடம் போனேன்.

இதைச் சொல்ல வேண்டாமென்றுதான் இருந்தேன். நீதான் கேட்டாய்.

கார்லிஸ்


அலபாமா
ஜூலை 19, 1998

கார்லிஸ்,

எத்தனை தடவை ஆரம்பித்தேன் என்று சொல்ல மாட்டேன். 

எனக்கு ஞாபகமில்லை. அதுதான் பெரிய பயமாக இருக்கிறது. நீ வரிசையில் நின்றது ஞாபகமிருக்கிறது, பச்சைத் தொப்பி போட்டிருந்தாய், பெருமையாக இருந்தது. நான் என்ன சொன்னேன் என்பது ஞாபகத்தில் இல்லவே இல்லை. லூட்டியிடம் போய்க் கேட்டேன்.

"சொன்னியே. நல்லாத்தான் சொன்னே" என்றாள். அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள், கை நிற்கவில்லை. "அப்புறம் அவ மீன் வாங்க வந்தா. ஊர்லேர்ந்து வந்த புள்ளையாச்சேன்னு ரெண்டு துண்டு கூடப் போட்டேன். அந்த மரத்தடியில தட்டை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. திங்கவேயில்ல. கடைசியில தட்டைக் கீழ வெச்சுட்டா, நாய் வந்து தின்னுச்சு. உடம்பு இளைக்கறதுக்காகத்தான் திங்காம இருக்கான்னு நெனச்சேன்" என்றாள். அதற்குப் பிறகு அவளுடைய கையும் நின்றுவிட்டது.

அந்த மரத்துக்கும் நான் நின்ற இடத்துக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை கார்லிஸ். திரும்பியிருந்தால் பார்த்திருப்பேன்.

உன்னிடம் எதுவும் கேட்பதற்காக இதை எழுதவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டிய வேலையும் உனக்கு வந்து சேரும். உன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னேன். பாஸ்டர் கிரேடிக்குப் புரியவில்லை, "ஜெபம் வேண்டாம்னா சொல்றா?" என்றார். "ஜெபம் பண்ணுங்க, வாசிக்காதீங்க" என்றேன். எடுத்துவிட்டார்.

பின்பக்க அத்திமரம் இந்த வருடம் கிளை முறிகிற அளவுக்குக் காய்த்திருக்கிறது. ஜாம் செய்தேன். அம்மா போடுகிற மாதிரி எலுமிச்சைத் தோலோடு. ஒரு பாட்டில் தனியாக அனுப்பியிருக்கிறேன். சாப்பிடப் பிடிக்கவில்லையென்றால் வைத்திரு, பார்க்க நன்றாயிருக்கும்.

நீ சொல்லாமல் வர மாட்டேன்.

ஆர்னெட்டா


டெட்ராய்ட்
செப்டம்பர் 3, 1998

அக்கா,

கையெழுத்தைப் பார்த்து பயப்படாதே. படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஜாம் பாட்டில் மூடி கசிந்து, தபால்காரர் விரலை நக்கிக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தார். "உங்க வீட்ல யாரோ நல்லா சமைக்கறாங்க" என்றார். எங்கக்கா என்றேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன், உன்னைப் பற்றி ஒருவரிடம் கோபமில்லாமல் பேசியிருக்கிறேன் என்று.

எலும்புக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இனி செய்ய ஒன்றுமில்லை என்பதை மிகவும் மரியாதையாகச் சொன்னார்கள். வீட்டிலேயே இருக்கிறேன். வலிக்கு மருந்து கொடுக்கிறார்கள், அது நல்ல மருந்து.

வா.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டதென்று தெரியும். லீவு கேள். இந்தத் தடவை காரணத்தைச் சொல்லலாம், நான் அனுமதி தருகிறேன். உடுப்பு கொஞ்சமாகக் கொண்டுவா. அந்தக் கூப்பிய கைக் கார்டு ஒன்றுகூட என் வாசற்படி தாண்டக் கூடாது. ஜெபமெல்லாம் மனசுக்குள் செய்துகொள். மைக் கொண்டுவராதே.

ஸ்டேஷனில் இறங்கி டாக்சி பிடிக்காதே, ஏமாற்றுவான்கள். என் பழைய ரூட் பஸ் வெளியிலேயே நிற்கும். அதில் ஏறு. சாயந்திரம் ஓட்டுகிறவன் பெயர் டெல்மர், தங்கப் பல் இருக்கும். கார்லிஸின் அக்கா என்று சொல், என் வாசலிலேயே நிறுத்துவான். அங்கே நிறுத்தம் கிடையாது, ஆனாலும் நிறுத்துவான். அவனுக்குத் தெரியும். அவனிடம் நானே சொன்னேன், எனக்குத் தோன்றிய நாளில், எனக்குத் தோன்றியபடி. அழுதான், பெரிய ஆள். அப்புறம் கவுண்டர் மேல் வைத்துப் பாதி சாண்ட்விச்சைக் கொடுத்தான். அவ்வளவுதான். நன்றாகத்தான் இருந்தது.

சீக்கிரம் வா.

கார்லிஸ்


சர்ச் வாசல்
மே 8, 1999

அன்புள்ள கார்லிஸ்,

காரில் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதுகிறேன். வண்டி வர இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. வேறு யாரும் இன்னும் வரவில்லை. இதை எந்த முகவரிக்கு அனுப்புவேன் என்று கேட்காதே. உனக்கு எழுதிப் பழகிவிட்டது.

நீ போய் ஒரு குளிர்காலம் முடிந்துவிட்டது. உன்னை அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தோம், மஞ்சள் உடுப்பில். தையல்காரி மடிப்பை அழகாக வைத்திருந்தாள். டெல்மர் அவ்வளவு தூரம் கார் ஓட்டிக்கொண்டு வந்தான், சீருடையிலேயே. உன் பாட்டை ட்ரியோலாதான் பாடினாள். உச்ச ஸ்வரத்தில் நீ சொன்ன மாதிரியேதான் ஆனது. பக்கத்தில் நீ இருந்திருந்தால் முழங்கையால் இடித்திருப்பாய். பிறகு சமையலறையில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "அது அவ பாட்டு, எனக்கு எட்டல" என்றாள். முதல் தடவையாக அவள் வாயால் கேட்டேன்.

பாஸ்டர் கிரேடி இந்த வருட முகாமுக்கு உன் பெயரை வைத்திருக்கிறார். எனக்குத் தெரியவந்தபோது அச்சடித்து முடித்துவிட்டிருந்தார். வாசலில் பெரிய பேனர், பாடகர் குழு அங்கியில் உன் படம். பத்து மணிக்கு 'சகோதரி ஆர்னெட்டாவின் சாட்சி' என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. "நீங்க எந்திரிச்சுப் பேசினா போன தடவை மாதிரி வரிசை ரோடு வரைக்கும் போகும், பாருங்க" என்கிறார். போகும். அது எனக்குத் தெரியும். 

உன் வீட்டில் இருந்த அந்த ஐந்து வாரத்தில் நாம் இதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினோம். உன் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடியிருந்தாய், தூங்கிவிட்டாய் என்று நினைத்தேன்.

"நீ போனியாக்கா?" என்றாய்.

"எங்கடி?"

"அந்த வண்டிக்குள்ள."

எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். இரண்டு வருடமாக அந்த வண்டியை வரவழைத்தவள் நான். "நான் உள்ள போயிட்டா மைக்கை யார் பாத்துக்கறது?" என்றேன். நீ சிரித்தாய். சிரிப்பு இருமலாகி, தண்ணீர் கொடுத்து, தலையணையைச் சரிசெய்து, எல்லாம் அடங்கிய பிறகு சொன்னாய்: "பின்னாடி மீன் பொரிக்கிற கொட்டகைகிட்ட நிறுத்தியிருந்தா, மீன் வாங்கப் போற மாதிரி போயிருப்பேன்."

"பின்பக்கமா?" என்றேன். எனக்குக் கோபமே வந்துவிட்டது, அந்த நேரத்திலும். "அம்மாவை அந்தக் கரிமேட்டைச் சுத்தி நடக்கவிட்டாங்களே, அதுக்கப்புறம் நானே நம்ம பொம்பளைங்களைப் பின்பக்கமாப் போங்கன்னு சொல்லவா?"

"அம்மாவை அங்க போகச் சொன்னது அவங்க" என்றாய். "எனக்கு யாரும் சொல்லியிருக்க வேண்டியதில்ல. நானே போயிருப்பேன்." அப்புறம் நிஜமாகவே தூங்கிவிட்டாய்.

அதன்பிறகு நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போதும், பாத்திரம் கழுவும்போதும் அந்தக் கொட்டகையை மனதில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சர்ச்சின் பின்சுவர், பெக்கான் மரங்கள், எண்ணெய்ச் சட்டி, பக்கத்தில் வண்டி நிற்க இடம். ரோட்டிலிருந்து பார்த்தால் புகை மட்டும்தான் தெரியும். மீன் வாங்க எல்லாரும் அங்கே வந்துதான் ஆக வேண்டும். வரிசையில் நிற்கிறவள் மீனுக்கு நிற்கிறாளா வேறெதற்கோ நிற்கிறாளா என்று யாருக்கும் தெரியாது. பீவி அம்மாவுக்கு முழங்கால் வலி, அவ்வளவு தூரம் சுற்றி வர மாட்டார். 

வரிசை ரோடு வரைக்கும் போகாமல் போகலாம். கைதட்ட ஒன்றுமிருக்காது. பத்துப் பேர் வரலாம், நான்கு பேர் வரலாம். பேசினால் எழுந்து வந்திருக்கக்கூடிய இன்னொரு ட்ரியோலா மரநிழலிலேயே உட்கார்ந்துவிடலாம்.  அவளை இழக்காமலும், உன்னைப் போன்றவளை விரட்டாமலும் இருக்க ஒரு வழி இருக்கும். எனக்கு இன்னும் தெரியவில்லை. ட்ரியோலாக்களுக்கு ட்ரியோலாவே போதும் என்று நினைக்கிறேன். யாராவது கேட்டால் சொல்வதற்கு அவளுக்குச் சொந்தக் கதை இருக்கிறது, சொல்லத் தயங்குகிறவளும் இல்லை. உன் கதை அவளுடையதல்ல. என்னுடையதும் அல்ல.

நேற்று சாயந்திரம் சர்ச் சாமான் அறையிலிருந்து மைக்கை எடுத்து, வயரைச் சுருட்டி, இந்தக் காரின் டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டேன். பேனரை இறக்க எனக்கு எட்டவில்லை. வண்டி டிரைவரிடம் ஏணி இருக்கும்.

அம்மா என்ன சொல்வாள் என்று தெரியவில்லை. நிமிர்ந்த தலையோடு அந்தக் கரித்தூளில் நடந்தவள் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அதையும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

நர்ஸ் விளக்குகளைப் போட்டதும், எண்ணெய் காய்வதற்குள், யாரும் வருமுன்னால், முதலில் நான் உள்ளே போகிறேன். எனக்கு நாற்பத்தாறு வயது. அம்மாவின் மகள், உன் அக்கா. படியில் ஏறும்போது என்னை யாரும் பார்க்கப் போவதில்லை என்பது எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது தெரியுமா?  நீ அந்த வரிசையில் அவ்வளவு நேரம் எப்படி நின்றாய்!

பாஸ்டருக்கு எதுவும் தெரியாது. ட்ரியோலாவிடமும் சொல்லவில்லை. லூட்டியிடம் சொல்லவில்லை என்று தனியாக எழுத வேண்டியதே இல்லை.

அதோ, வளைவில் வண்டி திரும்புகிறது. போன வருடத்து டிரைவர்தான், முன்வாசலுக்கு வர வேகத்தைக் குறைக்கிறார். நான் இறங்கிப்போய்க் கைகாட்ட வேண்டும், பின்பக்கம் போகச் சொல்லி.

ஆர்னெட்டா